மணிக்கட்டு வலிக்கு முதலில் மேசையை அளந்து பாருங்கள்

மணிக்கட்டு வலிக்கிறது என்று வாய் திறந்ததும் மூன்று யோசனைகள் வந்து விழும். மருந்துக் கடையில் பெல்ட் வாங்கிக் கட்டு. மவுஸுக்கு ஜெல் வைத்த பேடு வாங்கு. நரம்புக்கு பி காம்ப்ளெக்ஸ் போடு. கூடவே, "இது கார்பல் டனல்தான், கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவர்களுக்கெல்லாம் வரும்" என்று ஒரு தீர்ப்பும் வரும். அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் பிழை. யோசனைகள் மூன்றும் சிலருக்கு, சில நேரத்தில் உதவும். கண்ட நேரத்தில் கண்ட இடத்தில் கையாண்டால் வலியை இழுத்தடிக்கும்.

டிடிபி மையம், இ-சேவை மையம், பத்திரப் பதிவு அலுவலகத்தை ஒட்டிய ஆவண எழுத்தர் கடை, மெடிக்கல் கோடிங் நிறுவனம், செய்தித்தாள் அலுவலகம் என்று நாள் முழுக்க விசைப்பலகையில் கை வைத்திருப்பவர்கள் நம்மிடையே ஏராளம். கை ஓய்ந்தால் அன்றைய வருமானமும் ஓய்ந்துவிடும் நிலையில் இருப்பவர்கள் அவர்களில் பலர். அதனால் வலி எங்கே தெரிகிறது, எங்கே உண்டாகிறது என்ற இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. தெரிவது மணிக்கட்டில். உண்டாவது பெரும்பாலும் முன்கையில், தோளில், மேசை நாற்காலியின் உயரத்தில், இடைவெளியில்லாத நேரத்தில்.

## மணிக்கட்டு ஒரு சந்து

இடது கையால் வலது முன்கையை, முழங்கைக்கு நான்கு விரற்கடை கீழே, சற்றே இறுக்கிப் பிடியுங்கள். வலது கை விரல்களைத் தட்டச்சு செய்வதுபோல அசையுங்கள். பிடித்திருக்கும் இடத்தில் சதை துள்ளுவது தெரியும். விரல்களை மடக்கவும் நீட்டவும் செய்யும் பெரிய தசைகள் அங்கேதான் இருக்கின்றன. அவற்றிலிருந்து கயிறு போல நீளும் தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து விரல்களுக்குப் போகின்றன. பொம்மலாட்டத்தில் நூலை இழுப்பவர் திரைக்குப் பின்னால் மேலே நிற்க, கீழே பொம்மை ஆடுகிறதே, அந்த ஏற்பாடுதான் இதுவும்.

மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் ஒரு குழிந்த வளைவாக அமைந்திருக்கின்றன. உள்ளங்கைப் பக்கமாக அந்த வளைவின் மேல் குறுக்கே ஒரு தடித்த நார்ப்பட்டை ஓடுகிறது. எலும்புக்கும் பட்டைக்கும் நடுவில் இருக்கும் குறுகிய வழிக்குப் பெயர்தான் கார்பல் டனல். அது நோயின் பெயர் அல்ல. எல்லோர் கையிலும் இருக்கும் ஒரு சந்தின் பெயர். அந்தச் சந்துக்குள் ஒன்பது தசைநாண்களும் ஒரே ஒரு நரம்பும் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. அந்த நரம்பை நடு நரம்பு என்பார்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி ஆகியவற்றின் தொடு உணர்வு அதன் பொறுப்பு. சுண்டுவிரலுக்குப் போகும் நரம்பு இந்தச் சந்துக்குள் வருவதே இல்லை. இந்த ஒரு விவரத்தை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் பல குழப்பங்கள் தீரும்.

கை நேராக, தளர்வாக இருக்கும்போது சந்துக்குள் அழுத்தம் மிகக் குறைவு. ரத்த அழுத்தத்தை அளக்கும் அதே பாதரச அலகில் சொன்னால் 10 மி.மீ.க்குள்தான் இருக்கும். மணிக்கட்டை மேல்நோக்கி நிமிர்த்தினாலும் கீழ்நோக்கி மடக்கினாலும் அது ஏறுகிறது. 30 மி.மீ.க்கு மேல் ஏறி அங்கேயே நின்றுவிட்டால், நரம்புக்குப் போகும் ரத்த ஓட்டம் தடைபடத் தொடங்கும். ஒரு நிமிடம் மடக்கி வைப்பதால் யாருக்கும் எதுவும் ஆகிவிடாது. கோணம் சிறியதாக இருந்தாலும் நாளுக்கு எட்டு மணி நேரம், வருடக்கணக்கில் அப்படியே நிற்பதுதான் சிக்கல்.

இன்னொரு சிக்கல் அசையாத தசை. மவுஸின் மேல் கை வைத்துக்கொண்டு எதையோ படித்துக்கொண்டிருக்கிறோம். அந்த நேரத்தில் ஆள்காட்டி விரல் பொத்தானைத் தொட்டும் தொடாமலும் தூக்கி நிற்கிறது. அதைத் தூக்கிப் பிடித்திருப்பது முன்கையின் மேல்புறத் தசை. அசைகிற தசை சுருங்கி விரியும்போதெல்லாம் ரத்தம் உள்ளே வந்து போகிறது. பிடித்தபடியே நிற்கிற தசைக்கு அந்த வசதி இல்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பவரைவிட, தூக்கிய குடத்தோடு நின்றுகொண்டே பேசுகிறவருக்குத்தான் கை முதலில் கடுக்கும்.

## எது எந்த வலி

"கை வலி" என்ற ஒரே சொல்லுக்குள் குறைந்தது நான்கு வேறு வேறு தொல்லைகள் இருக்கின்றன. நான்குக்கும் தீர்வு ஒன்றல்ல.

1. தசைச் சோர்வு. இதுதான் மிகுதியாகக் காணப்படுவது. முன்கையின் மேல்புறம், முழங்கைக்குக் கீழே, மாலையில் கனத்துக் கடுக்கும். விடுமுறை நாளில் குறைந்துவிடும். மரத்துப்போவது இருக்காது. மேசையையும் நேரத்தையும் சரி செய்தாலே பெரும்பாலும் அடங்கிவிடும்.

2. தசைநாண் உறை வீக்கம். மணிக்கட்டின் கட்டைவிரல் பக்க ஓரத்தில், தொட்டாலே சுரீர் என்று வலிக்கும். சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் டி கெர்வான் 1895-ல் விவரித்ததால் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. கட்டைவிரலை உள்ளே வைத்து முட்டியை மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்த்தால் அந்த ஓரத்தில் வலி பாயும். கைக்குழந்தையை அக்குளில் கைகொடுத்துத் தூக்கித் தூக்கி இறக்கும் தாய்மார்களுக்கு இது அடிக்கடி வரும். கைபேசியில் கட்டைவிரலால் ஓயாமல் தட்டுகிறவர்களும் இந்த வலியோடு வருகிறார்கள்.

3. கார்பல் டனல் நோய். இதன் அடையாளம் இரவு. நடுச்சாமத்தில் கை மரத்து, எரிந்து, விழிப்புத் தட்டும். எழுந்து கையை உதறினால் குறையும். தூங்கும்போது மணிக்கட்டு மடங்கியே கிடப்பது ஒரு காரணம். கட்டைவிரலிலிருந்து மோதிர விரல் வரை ஊசி குத்தும், சுண்டுவிரல் தப்பித்துவிடும்.

4. முழங்கை நரம்பு. சுண்டுவிரலும் மோதிர விரலில் அதை ஒட்டிய பாதியும் மட்டும் மரத்தால், சிக்கல் பெரும்பாலும் மணிக்கட்டில் இல்லை. முழங்கையின் உட்பக்கத்தில், இடித்தால் "கரன்ட் அடிக்கிறதே", அந்த நரம்பு நசுங்குகிறது. முழங்கையை மேசை விளிம்பில் ஊன்றிக்கொண்டே படிக்கிற பழக்கமும், முழங்கையை நன்றாக மடக்கி மணிக்கணக்கில் கைபேசி பேசுவதும் இதைத் தூண்டும்.

கணினிதான் கார்பல் டனல் நோயைக் கொண்டுவருகிறது என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் நினைத்த அளவுக்குக் கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் கணினியை மிகுதியாகப் பயன்படுத்தும் ஊழியர்களை ஆராய்ந்து 2001-ல் வெளியிட்டார்கள். பொதுமக்களிடம் காணப்படும் அதே அளவில்தான் அவர்களிடமும் இந்த நோய் இருந்தது. டென்மார்க்கில் கிட்டத்தட்ட 7,000 பேரிடம் நடந்து 2003-ல் வெளியான ஆய்வில் விசைப்பலகைக்கும் நோய்க்கும் தெளிவான தொடர்பு தென்படவில்லை. ஆனால் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் மவுஸ் பிடிப்பவர்களிடம் அதன் அறிகுறிகள் கூடுதலாகத் தெரிந்தன. அதாவது சந்தேகப்பட வேண்டியது, நாம் திட்டிக்கொண்டிருக்கும் விசைப்பலகையைவிட, வாய்திறவாமல் பக்கத்தில் கிடக்கும் மவுஸை.

உடலுக்குள்ளேயே இருக்கும் காரணங்கள் இதைவிட வலுவானவை. நீரிழிவு, தைராய்டு சுரப்புக் குறைவு, முடக்குவாதம், கர்ப்ப காலத்து நீர் வீக்கம், உடற்பருமன் ஆகியவை மணிக்கட்டுச் சந்தின் வழியைக் குறுக்கும் அல்லது நரம்பைப் பலவீனப்படுத்தும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது அதிகம் வருகிறது. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. அப்படிப்பட்ட நாட்டில் ஒருவர் கை மரத்துப்போகிறது என்று சொன்னால், பெல்ட்டுக்கு முன்பாகச் சர்க்கரையையும் தைராய்டையும் பரிசோதிப்பதுதான் முறை.

## புது இயந்திரம், பழைய நோய்

தொழில்சார் நோய்களின் மருத்துவத்துக்கு முன்னோடி என்று கருதப்படும் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி, 1713-ல் எழுத்தர்களின் கைநோயைப் பற்றி எழுதினார். அவர் சொன்ன காரணங்கள் மூன்று: ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கை ஒரே திசையில் ஓயாமல் அசைவது, பிழை வந்துவிடக் கூடாதே என்று மனம் இறுகிக் கிடப்பது. இறகுப் பேனா போய் விசைப்பலகை வந்த பிறகும் அந்தப் பட்டியலில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை. பிரிட்டனில் தந்தி இயக்குபவர்களுக்கு வந்த கைப்பிடிப்பை 1908-லேயே இழப்பீடு பெறத்தக்க நோய்களின் பட்டியலில் சேர்த்தார்கள். ஆஸ்திரேலியாவில் 1980-களில் அலுவலகங்களுக்குக் கணினி பரவியபோது கைவலிப் புகார்கள் அலை போல எழுந்து, சில வருடங்களில் வடிந்தன. உடல் காரணமா, வேலைச் சூழலின் நெருக்கடி காரணமா என்று அங்கே பெரிய விவாதமே நடந்தது. இரண்டும்தான் என்பதை ராமசினியின் மூன்றாவது காரணம் முன்பே சொல்லிவைத்திருக்கிறது.

பழைய தட்டச்சுப் பொறியில் லோயர், ஹையர் முடித்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். வரி முடிந்தால் மணி அடிக்கும். கையை எடுத்து வண்டியை இடமிருந்து வலமாகத் தள்ள வேண்டும். பக்கம் முடிந்தால் தாளை உருவி, கார்பனை மாற்றிச் செருக வேண்டும். விசையை அழுத்த இன்றைவிட அதிக பலம் தேவைப்பட்டது; ஆனால் கை ஒரே நிலையில் நிற்க இயந்திரம் விடவில்லை. கணினி அந்தத் தடங்கல்களை எல்லாம் எடுத்துவிட்டது. வேகம் கிடைத்தது, கூடவே இருந்த ஓய்வு போய்விட்டது.

## பத்து சென்டிமீட்டர் பள்ளம்

வலியைத் தடுக்க ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும் என்றால், நான் சொல்வது இஞ்ச் டேப்பை எடுங்கள் என்பதுதான்.

கடையில் கிடைக்கும் அலுவலக மேசைகளும் வீட்டுச் சாப்பாட்டு மேசைகளும் பெரும்பாலும் 75 செ.மீ. ஒட்டிய உயரம் கொண்டவை. 155 செ.மீ., அதாவது ஐந்தடி ஓரங்குலம் உயரமுள்ள ஒரு பெண் பாதம் தரையில் பதிய, தோளைத் தளரவிட்டு, முழங்கையை விலாவோடு ஒட்டி உட்கார்ந்தால், அவர் முழங்கை தரையிலிருந்து ஏறத்தாழ 60 முதல் 65 செ.மீ. உயரத்தில் இருக்கும். மேசைக்கும் முழங்கைக்கும் குறைந்தது பத்து செ.மீ. பள்ளம். அதன்மேல் விசைப்பலகையின் தடிமனும் சேரும்.

இந்தப் பள்ளத்தை உடல் மூன்று விதமாக ஈடுகட்டும். தோளைத் தூக்கிக்கொள்ளும், மாலையில் கழுத்தும் பிடரியும் வலிக்கும். முழங்கையைக் கோழி இறக்கை போல விரித்துக்கொள்ளும். உள்ளங்கை வெளிப்பக்கம் சாய்ந்து மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கம் ஒடியும். அல்லது மணிக்கட்டை மேசை விளிம்பில் ஊன்றிக் கையை மேல்நோக்கி நிமிர்த்திக்கொள்ளும். சந்துக்குள் அழுத்தம் ஏறும், விளிம்பு வேறு வெளியிலிருந்து அழுத்தும். மூன்றையும் மாற்றி மாற்றிச் செய்துகொண்டே ஒரு நாளைக் கடத்துகிறவர்கள்தான் அதிகம். பெல்ட் கட்டுவதால் இந்தப் பள்ளம் ஒரு செ.மீ.கூடக் குறையாது.

சரி செய்யும் வரிசை இது:

1. முழங்கையை விலாவோடு வைத்து உட்கார்ந்து, தரையிலிருந்து முழங்கை வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். விசைப்பலகையின் நடு வரிசை அந்த உயரத்தில், அல்லது ஓரிரு செ.மீ. கீழே இருக்க வேண்டும்.

2. மேசையை இறக்க முடியாவிட்டால் உட்காரும் இடத்தை ஏற்றுங்கள். உயரம் மாற்றும் நாற்காலி இல்லையென்றால், அமுங்காத கெட்டியான மெத்தை ஒன்று போதும்.

3. இருக்கையை ஏற்றியதும் கால் தொங்கும். தொங்கவிட்டால் தொடையடி மரத்து, பத்து நிமிடத்தில் முன்னால் நகர்ந்து பழைய நிலைக்கே வந்துவிடுவீர்கள். வீட்டிலிருக்கும் மணைகள் இரண்டை அடுக்கிக் காலடியில் போடுங்கள். அலுவலகத்தில் என்றால் பிரிக்காத ஏ4 தாள் கட்டுகள் இரண்டு.

4. மரமேசையாக இருந்தால் தச்சரிடம் சொல்லி நான்கு காலிலும் தேவையான அளவு அறுத்துவிடலாம். சொந்த டிடிபி கடை வைத்திருப்பவர்களுக்கு விலையுயர்ந்த நாற்காலியைவிட இது மலிவு, நிரந்தரமும்கூட.

5. மடிக்கணினியில் திரையும் விசையும் ஒட்டியிருப்பதால் ஒன்றைச் சரியாக வைத்தால் மற்றது கெடும். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வரும்படி புத்தகங்களை அடுக்கி அதன்மேல் கணினியை வையுங்கள். தனி விசைப்பலகையும் மவுஸும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் மடிக்கணினியில் வேலை என்றால் இந்தச் செலவைத் தள்ளிப்போடாதீர்கள்.

சரியாக அமைந்ததா என்று பார்க்கப் பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்று போதும். தட்டச்சு செய்யும் நிலையில் கையை வைத்து, முன்கையின் மேல்புறத்திலிருந்து விரல் முட்டிவரை 30 செ.மீ. ஸ்கேலைக் கிடத்துங்கள். ஸ்கேலுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தால் மணிக்கட்டு மேல்நோக்கி வளைந்து நிற்கிறது, இன்னும் சரியாகவில்லை என்று பொருள். அதே நேரத்தில் வாட்சையும் வளையலையும் பாருங்கள். இரும்புப் பட்டை வாட்சின் கொக்கி சரியாக அந்தச் சந்தின் வாசலில் உட்கார்ந்திருக்கும். மேசையில் கை வைத்ததும் உள்ளே அழுத்தும். வேலை நேரத்தில் கழற்றி இழுப்பறையில் வைப்பது நல்லது. கழற்ற மனமில்லாத வளையல்களை முழங்கைப் பக்கமாக ஏற்றிவிட்டுக்கொள்ளலாம்.

## விசைப்பலகையும் மவுஸும்

விசைப்பலகையின் அடியில் பின்பக்கம் மடக்குகால்கள் இரண்டு இருக்கும். பலர் அதை நிமிர்த்தி வைக்கிறார்கள். விசைகள் நன்றாகத் தெரியும் என்பது உண்மை. மணிக்கட்டு கூடுதலாக நிமிர வேண்டியிருக்கும் என்பதும் உண்மை. மடக்கிவிடுங்கள். அடுத்து, பலகையின் நடுவை உடலின் நடுவோடு பொருத்தாதீர்கள். வலது ஓரத்தில் எண் விசைகள் இருப்பதால் எழுத்து விசைகளின் நடு இடப்பக்கம் தள்ளியிருக்கிறது. ஆங்கில ஜி, ஹெச் எழுத்துகளுக்கு இடைப்பட்ட இடம் உங்கள் தொப்புளுக்கு நேராக வரட்டும். ஆனால் அப்படி வைத்தால் எண் விசைப் பகுதி மவுஸை வலப்பக்கம் வெகுதூரம் விரட்டிவிடும். அதை எட்டிப் பிடிப்பதற்காகத் தோள் நாள் முழுக்க விரிந்து நிற்கும். எண் தட்டும் வேலை இல்லாதவர்கள் எண் பகுதி இல்லாத குட்டைப் பலகையை வாங்குவது, என் கணிப்பில், இந்தத் துறையில் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள செலவு. கணக்குப் பதிவு செய்பவர்கள் மவுஸை இடது கைக்கு மாற்றிப் பார்க்கலாம். இரண்டு வாரம் தடுமாற்றம் இருக்கும், பிறகு பழகிவிடும்.

மவுஸை முழங்கையிலிருந்து நகர்த்துங்கள். மணிக்கட்டை ஓரிடத்தில் ஊன்றி, கார் கண்ணாடித் துடைப்பான் போல இடமும் வலமும் ஆட்டுவதுதான் தொல்லை. சுட்டியின் வேகத்தைக் கணினி அமைப்பில் கொஞ்சம் கூட்டினால் நகர்த்தும் தூரம் குறையும். படிக்கும்போது மவுஸை விட்டுவிட்டுக் கையை மடியில் வையுங்கள். நகலெடுக்க, ஒட்ட, சேமிக்க மவுஸ் வேண்டாம், விசைக் குறுக்குவழிகள் இருக்கின்றன. ஆனால் கன்ட்ரோல் விசையையும் எழுத்தையும் ஒரே கையால் கவ்வாமல், ஒரு கையால் கன்ட்ரோல், மறு கையால் எழுத்து என்று பிரித்துக்கொள்ளுங்கள். இடது சுண்டுவிரல் அதற்காக உங்களுக்கு நன்றி சொல்லும்.

## தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு மட்டும்

இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஆனால் தமிழில் நிறைய எழுதுபவர்களுக்கு விசைப்பலகை அமைப்பே ஒரு கைநலக் கேள்வி.

'வணக்கம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ஒலிபெயர்ப்பு முறையில், ஆங்கில எழுத்துகளால் தட்டும்போது எட்டு எழுத்துகள். றன்னகரத்துக்கும் டண்ணகரத்துக்கும் வேறுபாடு காட்ட ஒரு ஷிப்ட். மொத்தம் ஒன்பது அழுத்தல். தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை முறையில் வ, ண, க, க, ம, புள்ளி என்று ஆறு. இரட்டிக்கும் மெய்க்கு அதுவே புள்ளி வைத்துக்கொள்ளும். 'இருக்கிறார்கள்' என்பது ஒலிபெயர்ப்பில் இரண்டு ஷிப்டோடு பதினைந்து. தமிழ்99-ல் ஷிப்ட் இல்லாமல் பதின்மூன்று. சொல்லுக்கு இரண்டு அழுத்தல் மிச்சம் என்றால், நாளுக்கு 5,000 சொற்கள் தட்டும் ஒருவருக்குப் பத்தாயிரம் அழுத்தல் மிச்சம்.

எண்ணிக்கையைவிட முக்கியமானது அதன் அமைப்பு. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட இந்த முறையில் உயிரெழுத்துகள் இடது கையிலும், மெய்கள் ஏறக்குறைய எல்லாமும் வலது கையிலும் இருக்கின்றன. தமிழ்ச் சொற்களில் மெய்யும் உயிரும் மாறி மாறி வருவதால் கைகளும் பெரும்பாலும் மாறி மாறி இயங்கும். ஒரு கை அழுத்தும்போது மறு கை ஒரு நொடிப்பொழுது ஓய்கிறது. கிரந்த எழுத்துகளைத் தவிர மற்றவற்றுக்கு ஷிப்டே தேவையில்லை. சுண்டுவிரலால் ஷிப்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு அதே கையின் வேறு விரலை எட்டவைப்பதுதான் மணிக்கட்டை அதிகம் முறுக்கும் அசைவுகளில் ஒன்று.

மாறும்போது முதல் சில வாரம் வேகம் குறையும். பக்கக் கணக்கில் கூலி வாங்குபவருக்கு அது சின்ன விஷயம் இல்லை. வேலை குறைவான மாதத்தில், நாளுக்கு அரை மணி நேரம் என்று தொடங்குவதே நடைமுறைக்கு ஒத்துவரும். பழைய தமிழ்த் தட்டச்சு முறையில் கை தேர்ந்து, வலியும் இல்லாதவர்கள் மாற வேண்டிய அவசியமே கிடையாது. கை ஏற்கெனவே நோகும்போது முதல் வரைவைக் குரல்வழி உள்ளீட்டில் சொல்லிவிட்டு, திருத்தத்துக்கு மட்டும் விசைப்பலகையைத் தொடலாம். கைபேசியில் தமிழைக் கேட்டு எழுதும் வசதி இப்போது வேலைக்கு உதவும் அளவுக்கு வந்துவிட்டது.

## ஐந்து நிமிடத்தின் கணக்கு

எவ்வளவு சரியான நிலையில் உட்கார்ந்தாலும், அந்த நிலையிலேயே நாலு மணி நேரம் இருந்தால் அது சரியான நிலை இல்லை. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான நியோஷ், அந்த நாட்டு வரித்துறையின் தரவுப் பதிவாளர்களிடம் ஓர் ஆய்வு நடத்தி 2000-ல் வெளியிட்டது. வழக்கமாக அவர்களுக்கு இரண்டு 15 நிமிட இடைவேளைகள் உண்டு. அவற்றோடு கூட, இடைவேளை இல்லாத மணி நேரங்களில் ஐந்து நிமிடம் என்று நாளுக்கு 20 நிமிடம் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். கை, தோள் வலியும் கண் சோர்வும் குறைந்தன. 20 நிமிடம் குறைந்தும் வேலையின் அளவு குறையவில்லை. மீதி நேரத்தில் அவர்கள் வேகமாகத் தட்டியிருந்தார்கள்.

இதை மேலாளர்கள்தான் முதலில் படிக்க வேண்டும். ஒருவரை மணிக்கு இத்தனை பதிவு என்று விரட்டிவிட்டு, "நீங்கள் இடைவேளை எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே" என்று கேட்பது நியாயம் ஆகாது. பிரிட்டனில் 1992-ம் ஆண்டு விதிகள், திரைமுன் வேலை செய்பவரின் மேசை நாற்காலியை மதிப்பிடுவதையும் வேலையில் இடைவெளி அமையும்படி திட்டமிடுவதையும் முதலாளியின் கடமையாக்கியிருக்கின்றன. நம் ஊரில் அது பெரும்பாலும் முதலாளியின் மனசைப் பொறுத்தே இருக்கிறது.

இடைவேளையில் என்ன செய்வது? எழுந்து நில்லுங்கள். கைகளைத் தொங்கவிட்டு மெதுவாக உதறுங்கள். விரல்களை முழுதாக விரித்து, மெல்ல மூடி, மறுபடி விரியுங்கள். ஏசி குளிரில் கை சில்லிட்டிருந்தால் சூடான தேநீர் டம்ளரை இரு கையாலும் பற்றிக்கொள்ளுங்கள். கைபேசியை மட்டும் எடுக்காதீர்கள். அதே தசைநாண்களுக்கு அதே வேலையை இன்னும் சிறிய திரையில் கொடுப்பதாகிவிடும்.

## பெல்ட், பேடு, மாத்திரை

தொடக்கத்தில் சொன்ன மூன்றுக்கும் திரும்புவோம்.

மணிக்கட்டை நேராகப் பிடித்து வைக்கும் ஸ்பிளின்ட், கார்பல் டனல் நோய்க்கு நல்ல முதல் சிகிச்சைதான், இரவில் கட்டினால். தூக்கத்தில் கை மடங்காமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை. சில வாரங்கள் தொடர்ந்து கட்ட வேண்டும். பகலில் அதைக் கட்டிக்கொண்டே தட்டச்சு செய்தால், மணிக்கட்டு செய்ய வேண்டிய அசைவை முழங்கையும் தோளும் செய்யும்; வலி இடம் மாறும். எலாஸ்டிக் பட்டையை இறுக்கிச் சுற்றுவது நரம்புக்கு வெளியிலிருந்து இன்னோர் அழுத்தம்.

ஜெல் பேடு, தட்டச்சுக்கு நடுவே நிறுத்தும்போது உள்ளங்கையின் அடிப்பகுதியைச் சாய்க்கத்தான். தட்டும்போது கை அதற்கு மேலே மிதக்க வேண்டும். மவுஸ் பேடில் இருக்கும் மேட்டில் மணிக்கட்டைப் பதித்துக்கொண்டே நகர்த்துபவர்கள், அழுத்தம் வேண்டாம் என்று வாங்கியதைக் கொண்டே சரியாக அந்தச் சந்தின் மேல் அழுத்திக்கொள்கிறார்கள்.

பி காம்ப்ளெக்ஸ் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். குறைபாடு இருப்பவருக்கு அது தேவை. ஆனால் வைட்டமின் பி6-ஐ அதிக அளவில் மாதக்கணக்கில் விழுங்கினால் அதுவே நரம்பைப் பாதித்து மரமரப்பை உண்டாக்கும். மருத்துவர் எழுதாமல் தொடர வேண்டாம். வீங்கி நோகும் தசைநாண் மேல் எண்ணெய் விட்டு அழுத்தி உருவுவதும் இப்படித்தான். சுளுக்குக்குப் பழகிய கை, இந்த வலியில் வீக்கத்தைக் கூட்டிவிடலாம்.

## மருத்துவரிடம் போகும்போது

கை விட்டு விட்டு மரத்தது போய் எந்நேரமும் மரத்தே இருந்தால், டம்ளரோ சாவியோ கையிலிருந்து நழுவினால், சட்டைப் பொத்தானைப் போட விரல் தடுமாறினால், கட்டைவிரலின் அடிச்சதை சூம்பினால் காத்திருக்கக் கூடாது. சூம்பிய சதை முழுதாகத் திரும்புவது கடினம். உறுதி செய்ய நரம்புக் கடத்தல் சோதனை இருக்கிறது. ஊசி மருந்து, தேவைப்பட்டால் அந்த நார்ப்பட்டையை வெட்டி விடும் சிறு அறுவை என்று சிகிச்சையும் இருக்கிறது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைச் சிகிச்சைக்கென்றே 1970-களிலிருந்து தனித்துறை இயங்குகிறது.

போவதற்கு முதல் நாள் ஒரு வெள்ளைத் தாளில் இரண்டு கைகளையும் விரித்து வைத்து, பென்சிலால் சுற்றி வரையுங்கள். மரக்கும் இடத்தைக் கோடு போட்டு நிரப்புங்கள். வலிக்கும் இடத்துக்குப் புள்ளி வையுங்கள். ஓரத்தில், எத்தனை மணிக்கு வருகிறது, உதறினால் போகிறதா, நாளுக்கு எத்தனை மணி நேரம் மவுஸ் என்று எழுதுங்கள். சுண்டுவிரலை மறக்காமல் தனியாகக் கவனித்துக் குறியுங்கள். அந்தத் தாளை மருத்துவரின் மேசையில் வைத்தால், எந்த நரம்பு என்பதில் பாதிக் கேள்விக்கு அங்கேயே பதில் இருக்கும்.